உள்ளங்கையில் ஓர் அம்பாசடர்: மறைந்த நண்பரின் காரை மாதிரியாகச் செய்ய விரும்புபவர்களுக்கு

காரைக்குடியில் வாடகைக் கார் ஓட்டிய என் நண்பன் இறந்து எட்டு மாதத்தில் அவனுடைய அம்பாசடரும் போய்விட்டது. வாங்கியவர் அதை ஓட்டவில்லை. உடைத்து, இன்ஜினைத் தனியாகவும் தகரத்தைத் தனியாகவும் விற்றுவிட்டார். வீட்டுச் சுவரில் ஆணியில் தொங்கிய மாற்றுச் சாவி மட்டும் மிச்சம். அதைப் பார்க்கும்போதெல்லாம், சாவி இருக்கிறது, வண்டி இல்லையே என்று ஒரு மாதிரியாக இருக்கும். சரி, நாமே ஒன்று செய்து பார்ப்போம் என்று தொடங்கினேன். அதற்கு முன் மாதிரி கார் எதையும் நான் செய்ததில்லை. மோட்டாருக்குக் காயில் கட்டும் பட்டறையில் வேலை என்பதால் கை கொஞ்சம் பழகியிருந்தது, அவ்வளவுதான்.

முதல் வண்டிக்கு ஐந்து மாதம் ஆனது. அதில் மூன்று மாதம் தப்பு செய்வதிலும் அதைத் திருத்துவதிலும் போனது. பிறகு இன்னும் இரண்டு பேருக்குச் செய்து கொடுத்தேன். நீங்களும் இப்படி ஒருவருக்காகச் செய்ய நினைத்தால், அந்த மூன்று மாதத்தை மிச்சப்படுத்தத்தான் இதை எழுதுகிறேன்.

எந்த நாளின் கார்?

கருவி வாங்க ஓடாதீர்கள். முதலில் ஒரு நாளைத் தேர்ந்தெடுங்கள். இருபது வருடம் ஓடிய வண்டி இருபது வருடமும் ஒரே மாதிரியா இருந்திருக்கும்? என் நண்பன் வாங்கியபோது மேலே கேரியர் இல்லை. பழனிக்கு ஆள் ஏற்றத் தொடங்கிய பிறகு வந்தது. பின் இடது கதவு ஒரு முறை அடிபட்டு, வேறு பெயிண்டரிடம் அடித்ததால் மற்றக் கதவுகளைவிட ஒரு பங்கு மஞ்சளாக இருக்கும். இதையெல்லாம் ஒரே வண்டியில் அள்ளிப் போட்டால் அப்படி ஒரு கார் எந்த நாளும் ஓடியிருக்காது. பங்குனி உத்திரத்தன்று குன்றக்குடியில் எடுத்த ஒரு படம் கிடைத்தது. அந்த நாளின் காரைத்தான் செய்வது என்று முடிவு செய்த பிறகு பாதிக் குழப்பம் தீர்ந்தது.

வீட்டாரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். செய்து முடித்து ஆச்சரியப்படுத்தலாம் என்ற ஆசை எல்லோருக்கும் வரும், ஆனால் இழவு நடந்த வீட்டில் அந்த விளையாட்டு வேண்டாம். அவர் இறந்தது அந்த வண்டியின் விபத்தில் என்றால், அந்த வண்டியைத் தொடவே தொடாதீர்கள். அவர் முதலில் ஓட்டிய லாம்பி ஸ்கூட்டரையோ, அவர் அப்பாவின் பியட்டையோ செய்யலாம்.

படங்களுக்கு நல்ல இடம் கல்யாண ஆல்பம். செட்டிநாட்டு வீட்டுக் கல்யாணங்களில் வாசலில் வரிசையாக நிற்கும் கார்கள், மாப்பிள்ளை அழைப்புப் படங்களின் ஓரத்தில் கட்டாயம் விழுந்திருக்கும். அப்புறம் கார் ஸ்டாண்டுக்குப் போங்கள். மெக்கானிக், டிங்கர், பெயிண்டர் மூவரையும் பாருங்கள். "கார் எப்படி இருந்தது?" என்று கேட்டால் "நல்லா இருந்துச்சு" என்பார்கள். எந்தக் கதவு உள்ளிருந்து திறக்காது, கண்ணாடியில் என்ன தொங்கியது, டிக்கியில் என்ன கிடக்கும் என்று கேளுங்கள். நான் அந்தக் குன்றக்குடிப் படத்தைக் காட்டியதும் நண்பனின் மனைவி சொன்னது: "அண்ணே, அந்த மஞ்சத் துணிய மறந்துறாதீக. அது இல்லாம அவுக வண்டிய எடுத்ததே இல்ல." எந்தப் படத்திலும் அந்தத் துணி இல்லை.

வண்டியின் வயதையும் உறுதி செய்துகொள்ளுங்கள். அம்பாசடர் என்பது மோரிஸ் ஆக்ஸ்போர்டு சீரிஸ் 3 என்ற இங்கிலாந்து வண்டியின் வாரிசு. 2014 மே மாதம் உத்தரபாரா தொழிற்சாலை நிற்கும் வரை மேல்கூட்டின் உருவம் பெரிதாக மாறவில்லை. ஆனால் மார்க் 2, மார்க் 3, மார்க் 4, நோவா என்று முன்பக்கக் கிரில்லும் விளக்குகளும் மாறிக்கொண்டே வந்தன. பழையவற்றில் கியர் ஸ்டியரிங் தண்டிலேயே இருக்கும், பின்னால் வந்தவற்றில் தரைக்கு வந்துவிட்டது. ஓட்டுநர்கள் பார்த்ததும் கண்டுபிடிப்பது இதைத்தான்.

எதிலிருந்து தொடங்குவது

பாகங்களை ஒட்டிச் சேர்க்கும் தமியா, ரெவெல் போன்ற நிறுவனங்களின் பிளாஸ்டிக் கிட்களில் நம்மூர் வாடகைக் காரைத் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். கடையில் விற்கும் பின்னால் இழுத்து விடும் அம்பாசடர் பொம்மைதான் புதியவருக்கு வசதி. இரண்டு வாங்குங்கள். ஒன்று செய்வதற்கு, இன்னொன்று பழகுவதற்கும் உதிரிப் பாகத்துக்கும். முப்பரிமாண அச்சில் எடுக்கலாம் என்பார்கள். எடுக்கலாம், ஆனால் அதில் தெரியும் வரிகளைத் தேய்த்து மழமழப்பாக்குவது தனி வேலை.

பெட்டியில் எழுதியிருக்கும் அளவை நம்பாமல் நீங்களே அளந்து பாருங்கள். அம்பாசடரில் முன் சக்கரத்தின் நடுவிலிருந்து பின் சக்கரத்தின் நடு வரை 2464 மி.மீ. என் பொம்மையில் அது 77 மி.மீ. வகுத்தால் 32. ஆக இது 32இல் ஒரு பங்கு வண்டி. பிரீமியர் பத்மினி என்றால் 2340 மி.மீ. என்று வைத்துக்கொண்டு இதே கணக்கைப் போடுங்கள். வகுத்து வரும் இந்த ஓர் எண்ணைச் சுவரில் எழுதி ஒட்டிவிடுங்கள். இனி எல்லாமே அதால்தான் வகுக்கப்படும். அம்பாசடரின் சக்கர ரிம் 15 அங்குலம், அதாவது 381 மி.மீ. அதை 32ஆல் வகுத்தால் 12 மி.மீ.க்குக் கொஞ்சம் குறைவு. பொம்மைச் சக்கரங்கள் பெரும்பாலும் இதைவிடப் பெரிதாகவும் தடித்தும் இருக்கும். வண்டி பொம்மையாகத் தெரிவதற்குப் பாதிக் காரணம் சக்கரம்தான்.

அடுத்து, பிளாஸ்டிக் எது என்று சோதியுங்கள். அடிப்பக்கம், வெளியே தெரியாத இடத்தில், அசிட்டோன் உள்ள நெயில் பாலிஷ் ரிமூவர் ஒரு துளி விட்டு நகத்தால் சுரண்டிப் பாருங்கள். இளகினால் நல்லது, பசையும் பெயிண்டும் பிடிக்கும். ஒன்றுமே ஆகாமல் மெழுகு போல வழுக்கினால் அது பெரும்பாலும் பாலிபுரொப்பிலீன். அதில் அடித்த பெயிண்ட் தோல் உரிவது போல உரிந்து வரும். வேறு பொம்மை தேடுங்கள்.

பிரிப்பதும் திருத்துவதும்

திருகாணிகளைக் கழற்றும்போது குழிப்பணியாரக் கல் ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு குழிக்கு ஒரு இடத்துத் திருகாணி. இதைவிட நல்ல தட்டு எனக்கு இதுவரை கிடைக்கவில்லை. வீட்டில் கேட்டு எடுங்கள், பழையதாக இருக்கட்டும், பிறகு அது அடுப்புக்குத் திரும்பாது.

பின்னால் இழுத்து விடும் மோட்டார் பின் சீட்டு இருக்க வேண்டிய இடத்தையே அடைத்துக்கொண்டிருக்கும். அதைக் கழற்றினால் பின் அச்சுக்குப் பிடிமானம் போய்விடும். சைக்கிள் ஸ்போக் 2 மி.மீ. கனம், அதுவே நல்ல அச்சு. அது சரியாக நுழையும் பால்பாயின்ட் ரீஃபிலைத் தேடிப் பிடித்து, இரண்டு துண்டு வெட்டி அடித்தட்டில் ஒட்டினால் தாங்கி தயார். ஒட்டும் முன் வண்டி நிற்கும் உயரத்தைப் பாருங்கள். பழைய வாடகை அம்பாசடர் பின்பக்கம் கொஞ்சம் உட்கார்ந்திருக்கும், பட்டை ஸ்பிரிங் தளர்ந்திருக்கும். நான் 1 மி.மீ. இறக்கினேன். அசலில் அது மூன்று சென்டிமீட்டருக்கு மேல். படத்தோடு ஒப்பிட்டபோது அந்த ஒரு மில்லிமீட்டரில்தான் அவன் வண்டி எட்டிப் பார்த்தது.

பொம்மையின் மேல்கூட்டில் அச்சு சேர்ந்த கோடுகள் இருக்கும். 400 எண் உப்புத்தாளில் தொடங்கி 800, 1000 வரை தண்ணீர் தொட்டுத் தேயுங்கள். பள்ளங்களுக்குப் பட்டி போட்டு மறுபடி தேயுங்கள். கார் பெயிண்டர் செய்வதும் இதேதான், உங்களுக்குப் பரப்பு சின்னது.

நசுங்கல்களுக்கு வருவோம். நண்பனின் காரில் முன் வலது மட்கார்டில் ஒரு பள்ளம் இருந்தது. டிங்கரிடம் கொடுக்க அவனுக்கு மனசே வரவில்லை, செலவு என்பான். சூடு காட்டி அமுக்கப் பார்த்தால் பிளாஸ்டிக் அந்த இடம் முழுவதும் நெளிந்துவிடும். பழகும் பொம்மையில் நான் அதைத்தான் செய்தேன். சின்ன டிரில்லில் மாட்டும் உருண்டைத் தலை அரைக்கல்லால் மெல்லக் குடைந்து, விளிம்பை உப்புத்தாளால் வழித்துவிட்டால் போதும். எல்லாக் கீறலையும் கொண்டு வர வேண்டியதில்லை. வண்டியைத் தெரிந்தவர்கள் பார்த்ததும் "ஆமா, இது" என்று சொல்லும் இரண்டு மூன்று தழும்பு இருந்தால் சரி.

கேரியர் செய்ய எனக்கு வெளியே போக வேண்டியிருக்கவில்லை. அசலில் 20 மி.மீ. குழாய் என்றால் 32ஆல் வகுத்து 0.6 மி.மீ. 23 கேஜ் செப்புக் கம்பி கிட்டத்தட்ட அதே கனம், எந்தக் காயில் கடையிலும் துண்டுக் கம்பி கிடைக்கும். ஒரு முனையை வைஸில் கடித்து, மறுமுனையைக் குறடால் பிடித்து ஓர் இழு இழுத்தால் நேராகிவிடும். மேலே பூசியிருக்கும் எனாமலைச் சுரண்டாமல் ஈயம் வைத்தால் ஒட்டவே ஒட்டாது. ஒரு அட்டையில் கேரியரை அளவாக வரைந்து, அதன்மேல் கம்பிகளை டேப் போட்டுப் பிடித்துக்கொண்டு, 25 வாட் சால்டரிங் அயர்னால் பற்ற வையுங்கள். ஒரு மூட்டைப் பற்ற வைக்கும்போது பக்கத்து மூட்டு கழன்றுவிடும். ஈரப் பஞ்சை அந்தப் பக்கம் வைத்தால் கழலாது. என் முதல் கேரியர் ஏணி மாதிரி கோணிக்கொண்டது. நான்காவதுதான் வண்டியில் ஏறியது.

பெயிண்ட்: இங்கேதான் பொறுமை வேண்டும்

வெள்ளை அம்பாசடர் வெள்ளை இல்லை. பக்கத்தில் ஒரு காகிதத்தை வைத்துப் பார்த்தால் தெரியும். கார் பெயிண்ட் கலக்கும் கடையில் குறைந்த அளவு எவ்வளவு கொடுப்பார்களோ அவ்வளவு வாங்குங்கள். எனக்கு அந்த வண்டிக்குக் கடைசியாக அடித்த பெயிண்டரே தன் டப்பாவின் அடியில் கிடந்ததைக் கொடுத்தார். காசு வாங்கவில்லை. கார் பெயிண்டின் தின்னர் காரமானது, பிளாஸ்டிக்கை அரித்துவிடும். அதனால் சாம்பல் நிறப் பிரைமரை முதலில் மெல்லியதாக இரண்டு தடவை அடித்து நன்றாகக் காயவிட்ட பிறகே நிறம். ஹார்ட்னர் கலந்து அடிக்கும் இரட்டைக் கலவைப் பெயிண்டை வீட்டில் தொடாதீர்கள், அந்தப் புகை நுரையீரலுக்கு ஆபத்து. அதைத் தகுந்த முகமூடியுள்ள பெயிண்டரிடம் விட்டுவிடுங்கள். சாதாரண ஸ்பிரேக்கும் திறந்த இடமும் முகமூடியும் வேண்டும்.

சுமார் 20 செ.மீ. தள்ளிப் பிடியுங்கள். வண்டிக்கு வெளியே அழுத்தத் தொடங்கி, வண்டியைத் தாண்டிய பிறகு விரலை எடுங்கள். முதல் பூச்சில் பிரைமர் தெரியத்தான் செய்யும், தெரியட்டும். பத்துப் பதினைந்து நிமிட இடைவெளியில் நாலு மெல்லிய பூச்சு. ஒரே பூச்சில் மறைக்க நினைத்தால் கதவுக் கோடுகள் பட்டி போட்டதுபோல் மூடிவிடும். நம் பக்கத்துப் பழைய வீடுகளின் சுவரைத் தொட்டுப் பார்த்திருப்பீர்கள். சுண்ணாம்பை அடுக்கடுக்காகப் பூசித் தேய்த்து, முட்டை வெள்ளைக்கரு சேர்த்து மெருகேற்றிய சுவர். அதைப் பூசிய கொத்தனாருக்கு இதைச் சொல்லித்தரவே வேண்டியிருக்காது.

எங்கள் ஊர் வெயிலையும் மழையையும் பற்றிச் சொல்ல வேண்டும். கார்த்திகை மாதத்தில் ஒரு நாள், மழை விட்ட சாயங்காலம், வீட்டு வளவு முற்றத்தில் வைத்து அடித்தேன். காலையில் பார்த்தால் கூரை முழுக்கத் திருநீறு பூசியதுபோல் வெளுத்துக் கிடக்கிறது. தின்னர் வேகமாக ஆவியாகும்போது பூச்சு குளிர்ந்துவிடுகிறது, காற்றிலுள்ள ஈரம் அதில் படிந்துவிடுகிறது. மறுபடி தேய்த்து முதலிலிருந்து தொடங்கினேன். சித்திரையில் இதற்கு நேர் எதிர். பெயிண்ட் துளி வண்டியைத் தொடும் முன்பே காற்றில் காய்ந்து ரவை போல விழும். வெயில் ஏறும் முன், காலை எட்டு மணிக்குள் அடித்துவிடுங்கள். முற்றத்தைக் கூட்டிய கையோடு அடிக்காதீர்கள், முதல் நாளே கூட்டித் தண்ணீர் தெளித்து வைத்துவிடுங்கள்.

காய்ந்துவிட்டதா என்பதை விரலால் தொட்டுப் பார்க்கக் கூடாது, மோந்து பார்க்க வேண்டும். பெயிண்ட் வாசனை அடிக்கும்வரை அது காயவில்லை. ஒரு வாரம் பொறுத்து, 2000 வாட்டர் பேப்பரும் ரப்பிங் காம்பவுண்டும் போட்டு மெருகேற்றுங்கள். பின் இடது கதவை மட்டும் டேப் கட்டி, அதே பெயிண்டில் ஒரு சொட்டு மஞ்சள் சேர்த்து அடித்தேன். பெயிண்டருக்கு அதைக் காட்டியபோது சிரித்துவிட்டு, "அந்தக் கதவு நான் அடிச்சதில்லைண்ணே" என்றார், ஏதோ பழி தன்மேல் விழுந்துவிடும் என்பதுபோல.

குரோமுக்கு அதிகம் மெனக்கெட வேண்டாம். அழகப்பச் செட்டியார் தந்த நிலத்தில் 1953 முதல், உலோக முலாம் பூசுவதையும் ஆராயும் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் நடக்கும் ஊரில் இருந்துகொண்டு நான் குரோம் பேனாவால் ஓரங்களைத் தீட்டுகிறேன் என்பது எனக்கே வேடிக்கைதான். பொம்மையோடு வரும் பம்பர் பளபளப்பாக இருந்தால் தண்ணீராகக் கரைத்த கறுப்பை ஒரு தடவை தடவித் துடைத்துவிடுங்கள். இடுக்கில் தங்கும் கறுப்பே போதும்.

உள்ளே

பார்ப்பவர்கள் குனிந்து ஜன்னல் வழியாகத்தான் பார்ப்பார்கள். முன்பக்க நீள சீட்டுக்கு உண்மையான துணி ஒட்டாதீர்கள். எவ்வளவு மெல்லிய துணியும் இந்த அளவில் சாக்கு போலத் தெரியும். டிஷ்யூ பேப்பரைத் தண்ணீர் கலந்த ஃபெவிகாலில் நனைத்துப் போர்த்தினால் துண்டு விரித்ததுபோல மடிப்பு விழும். காய்ந்ததும் நிறம் கொடுக்கலாம். டாஷ்போர்டில் பிள்ளையார்பட்டிப் பிள்ளையார் படம் 3 மி.மீ. அளவில் புகைப்படத் தாளில் அச்சிட்டு ஒட்டினேன். மஞ்சள் துணியும் டிஷ்யூதான், மடித்து ஸ்டியரிங் பக்கத்தில் வைத்தேன். கண்ணாடிகளை ஒட்ட ஃபெவிக்விக் பயன்படுத்தாதீர்கள். அதன் ஆவி கண்ணாடி உள்பக்கம் வெள்ளையாகப் படிந்துவிடும், துடைத்தாலும் போகாது. ஃபெவிகால் மெதுவாகக் காயும், தெளிவாகக் காயும்.

நம்பர் பிளேட்டுக்கு எளிய வழி: மஞ்சளில் கறுப்பு எழுத்தாக, டிஎன் 63 என்று தொடங்கும் முழு எண்ணையும் கணினியில் செய்து புகைப்படத் தாளில் அச்சிட்டு, மெல்லிய பிளாஸ்டிக் துண்டில் ஒட்டுங்கள். கடையில் அச்சிடக் கொடுத்தால் அங்கேயே நின்று படித்துப் பாருங்கள். எனக்கு ஒரு கடையில் 3க்கும் 8க்கும் வித்தியாசம் தெரியாமல் அடித்துக் கொடுத்தார்கள், ஒட்டிய பிறகுதான் பார்த்தேன். வண்டி 1989க்கு முந்தையது என்றால் எண் மூன்று எழுத்தில் தொடங்கியிருக்கும், பழைய ஆர்சி புத்தகத்தில் பாருங்கள். பின் கண்ணாடியில் எழுதியிருக்கும் பெயர்களுக்கு நீரில் நனைத்து வழுக்கி ஒட்டும் டெக்கால் தாள் வேண்டும். இங்க்ஜெட்டில் அச்சிட்டால் நனைக்கும் முன் தெளிந்த வார்னிஷ் இரண்டு பூச்சு, இல்லாவிட்டால் மை கரைந்துவிடும். ஒளிபுகும் தாளில் அடித்த மஞ்சள் எழுத்து இருட்டுக் கண்ணாடியில் காணாமல் போகும். வெள்ளைப் பின்னணித் தாளில் அடித்து எழுத்தை ஒட்டி வெட்டுங்கள்.

தூசியும் பீடமும்

மாதிரி செய்பவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. வண்டியை முடித்ததும் துரு, சேறு, புகை என்று பூசி அழுக்காக்கிவிடுவார்கள். பார்க்கவும் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் என் நண்பன் தினமும் விடியற்காலையில் வாளித் தண்ணீரோடு வண்டியைக் குளிப்பாட்டியவன். அவன் வண்டியை அழுக்காக்கிக் காட்டினால் அது அவன் வண்டியா? மட்கார்டுக்கு அடியிலும் சக்கரத்தின் உள்விளிம்பிலும் மட்டும் செம்மண் பூசினேன், அங்கே அவன் கை எட்டாது. செம்மண்ணை வெயிலில் காயவைத்து, பழைய வேட்டித் துணியில் இரண்டு முறை சலியுங்கள். பத்தில் ஒரு மில்லிமீட்டர் மணல்கூட இந்த அளவில் 3 மி.மீ. சரளைக்கல் ஆகிவிடும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் குழைத்துத் தூரிகையால் தொட்டு வைத்தால் காய்ந்து பிடித்துக்கொள்ளும், மேலே பளபளக்காத மேட் வார்னிஷ் லேசாக.

பீடத்துக்கு ஆத்தங்குடிக் கல், அதாவது பூப்போட்ட தரைக்கல், ஒன்று வைத்தேன். அதை வண்டி நிற்கும் தரையாக நினைத்துவிடாதீர்கள். அந்தப் பூ வேலைப்பாடு இந்த அளவுக்கு மிகப் பெரியது, பூவின் இதழ் காரின் கூரை அகலம் வந்துவிடும். கல்லின்மேல் ஒரு மரப்பலகை, பலகைமேல் வண்டி. பலகைக்குக் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய சாமான் கடைகளில் தேக்குத் துண்டு கிடைக்கும், பேரம் பேசுங்கள். வண்டியைப் பலகையில் பசையால் ஒட்ட வேண்டாம். அடியிலிருந்து பொம்மையின் பழைய திருகாணித் துளை வழியாகவே முடுக்கினால், பின்னால் கழற்றிச் சரிசெய்யலாம். கல்லின் அடியில் ஃபெல்ட் ஒட்டாவிட்டால் மேசை கீறும்.

பீடத்தில் சாவியை வைக்கலாமே என்று நானும் நினைத்தேன். வைத்துப் பார்த்தால் அசல் சாவி காரில் பாதி நீளம். வண்டி சட்டென்று பொம்மையாகிவிட்டது. எடுத்துவிட்டேன். வீட்டார் அந்த ஆணிக்குக் கீழே ஒரு பலகை அடித்து, அதில் வண்டியை வைத்திருக்கிறார்கள். சாவி இருந்த இடத்திலேயே தொங்குகிறது.

கொடுக்கும்போது மிச்சப் பெயிண்டை ஒரு சின்னக் குப்பியில் ஊற்றி, தேதி எழுதி, கூடவே கொடுங்கள். கண்ணாடிப் பெட்டி போட்டாலும் யாராவது திறப்பார்கள். முதலில் உடைவது பக்கவாட்டுக் கண்ணாடிதான். அதனால் இரண்டு கண்ணாடி கூடுதலாகச் செய்து தீப்பெட்டியில் போட்டுக் கொடுத்தேன். நான்காவது மாதமே நண்பனின் பேரன் பின் கதவைத் திறக்கப் பார்த்து ஒன்றை உடைத்துவிட்டான். மாற்றி ஒட்ட ஐந்து நிமிடம்தான் ஆனது. மூன்றாவதை இப்போதே செய்து வைத்திருக்கிறேன்.